உள்ளிருந்து திறக்காத கதவு

எங்கள் காரின் இடது கதவு உள்ளிருந்து திறக்காது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் மேலே ஏறியபடியே நின்றுவிட்டது. கைப்பிடி சும்மா சுற்றும். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கிய பழைய சின்னக் கார் அது. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். துரைமார் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள், அவர்களுடைய நாற்காலிகளும் கார்களும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களின் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தன.

எங்கே போனாலும் நான் முதலில் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் மனைவிக்குக் கதவைத் திறந்துவிடுவேன். மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில், பக்கத்து வீட்டுக்காரருக்கு இது தினசரி வேடிக்கை. “தொரைசானி எறங்குறாங்க, வழிய விடுங்கப்பா” என்பார். மனைவியை மரியாதையாக நடத்துகிறவன் என்ற பெயர் எனக்கு அப்படித்தான் வந்தது. இந்த வயதிலாவது அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அவள் காஜா பேராங்கிலேயே பிறந்த மலாக்கா செட்டிப் பெண்; பல நூறு வருடங்களுக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி. மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயா சட்டை, சாரோங் கைலி, கொண்டையில் பூ. கோயில், விரதம், படையல் எதிலும் என்னைவிட ஒழுங்கானவள். ஆனால் அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பேசியது ஒரு தனி மலாய். தாலி, பொங்கல், பூசை மாதிரி சில சொற்களைத் தவிர அவளுக்குத் தமிழ் வராது. நாங்கள் பேசியதும் சண்டை போட்டதும் சமாதானம் ஆனதும் அந்த மலாயில்தான்.

நானோ தமிழ் மேடைகளில் பேசுகிறவன். புது நாட்டில் நம் மொழி என்ன ஆகும் என்ற கவலை எல்லாருக்கும் இருந்தது. வீட்டில் தமிழ் பேசாதவன் தமிழனா என்று கேட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது ஜாலான் பெண்டஹாரா என்கிற தெருவில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ஒருவர் என் பேச்சு எதையும் தவறவிடமாட்டார். “ஐயா, ஒரு நாளு வீட்டம்மாவையும் கூட்டியாங்களேன். ஐயா தமிழே இப்படின்னா அம்மா தமிழ் எப்படி இருக்கும், கேப்போம்” என்றார் ஒருமுறை. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்குத் தமிழ் வராது என்று மட்டும் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு கதவைப் பழுது பார்க்க உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் குந்தி, நான் கழற்றிய திருகாணிகளை ஒரு தேநீர்க் கோப்பையில் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடம் கழித்து, போன மாதம் மகளுடைய காரில், பொத்தானை அழுத்தினால் இறங்குகிற கண்ணாடி பாதியில் நின்று, பூட்டும் வேலை செய்யாமல் போனது. செமாபோக் பட்டறையில் கதவின் உள்ளட்டையைக் கழற்றியபோது அந்தக் கோப்பைதான் நினைவுக்கு வந்தது. இந்தக் காலத்துக் கதவுக்குள் மோட்டாரும் ஒயருமாக இருக்கிறது. எங்கள் கதவுக்குள் இருந்தது வெறும் இரும்பு. கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பி கழன்று தொங்கியது. கண்ணாடியைத் தூக்கும் கரம் தன் பள்ளத்தைவிட்டு நழுவியிருந்தது. எதுவும் உடையவில்லை. அரை மணி நேர வேலை.

அவள் சமையலறைக்குப் போயிருந்தாள். நான் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அட்டையை அப்படியே திரும்ப மாட்டினேன். உள்ளே ஒரு சாமான் உடைந்துவிட்டது, சிங்கப்பூரிலிருந்துதான் வர வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் கடைத்தெருவில் கொஞ்சம் தள்ளிக் காரை நிறுத்துவேன். அவள் உள்ளே இருப்பாள். கண்ணாடி ஓரத்துச் சின்ன முக்கோணத் திறப்பு வழியாக என்னென்ன வேண்டும் என்று சொல்லுவாள். நான் போய் வாங்கி வருவேன். கெபாயா கட்டிய பெண் என் பின்னால் வந்து மலாயில் விலை கேட்பதை யாரும் பார்க்கவில்லை. நான் வாங்கும் வெற்றிலை பாதி வாடியிருக்கும். அவள் குறை சொன்னதில்லை. சாமான் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்பாள்.

அந்த வருடம் அவளுடைய அம்மா இறந்துபோனார். அவர்கள் வழக்கத்தில் பொங்கலுக்கு முதல் நாள் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அம்மாவுக்கு அவள் போடப்போகும் முதல் இலை. வெற்றிலையிலிருந்து பழம்வரை எல்லாவற்றையும் தன் கையால் பொறுக்கி வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்குள் கதவு சரியாகிவிட வேண்டும் என்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். உடைந்த சாமானைக் காட்டினால்தான் கடையில் தருவார்கள் என்று தம்பியிடமிருந்து பதில் வந்தது. இது எதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. எனக்குச் சிரமம் வைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள்.

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து சைக்கிளில் திரும்பியபோது, கதவின் உள்ளட்டை வாசலில் சாய்த்து வைத்திருந்தது. அவள் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை மெல்ல இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை மசகு.

“தாக் பாதா, அபாங். தெர்சாபுட் சாஜா,” என்றாள். உடையவில்லை, கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

நான் அன்று கவனிக்கவில்லை போலிருக்கிறது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே விட்டுவைத்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கதவை உள்ளிருந்து திறந்து இறங்கி, கை கழுவப் போனாள்.

சனிக்கிழமை கடைத்தெருவில் நான் எஞ்சினை நிறுத்துவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறக்கிவிட்ட கண்ணாடி வழியாக அவள் குரல் கேட்டது. என் பேச்சுக்கு வரும் அதே வெற்றிலைக் கடைக்காரரின் கடை முன்னால், அஞ்சடி நடைபாதையில் நின்று வெற்றிலையை ஒவ்வொன்றாகப் புரட்டி, இது முற்றல், இது ஓட்டை என்று ஒதுக்கினாள். கடைக்காரர் சலிக்காமல் மலாயில் பதில் சொன்னார். எந்தப் பக்கம் வீடு என்று கேட்டார். காஜா பேராங் என்றாள். யாருடன் வந்தீர்கள் என்றார்.

அவள் கார் பக்கம் திரும்பவே இல்லை. “செண்டிரி,” என்றாள். தனியாகத்தான்.

கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் காரைத் தாண்டி நடந்தாள். திருப்பத்தில் நின்ற டிரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

நான் இறங்கி ஓடியிருக்கலாம். இவள் என் மனைவி என்று அந்தக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. என் மானத்தை அவள் பொறுக்கியெடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் அம்மாவின் படையலில் அந்த வெற்றிலை பச்சையாக, அழகாக இருந்தது. எனக்கும் இலை போட்டாள், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்று கேட்டாள். மன்னிப்பு என்ற சொல் எனக்கு இரண்டு மூன்று மொழிகளில் தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை.

மாலைகளில் பண்டார் ஹிலிர் கடற்கரைக்கு என்னோடு காரில் வருவாள், கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொள்வாள். அந்தத் தெருவுக்கு மட்டும் கடைசிவரை டிரைஷாவில்தான் போனாள். பிள்ளைகளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் பேசப் பேச, வீட்டில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அதை அப்போது என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் இறந்துபோய்ச் சில வருடங்களாகின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மலாய் தெரியும். அவளுடைய மலாய் அது அல்ல. சாயங்காலங்களில் செட்டிகள் குடியிருக்கும் சந்துப் பக்கம் நடக்கிறேன். போன வாரம் ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் அவளுடைய அதே மலாயில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், மழை வருகிறது, துணியை எடுக்கவில்லையே என்று. அந்தப் பெண் திட்டி முடிக்கும்வரை வேலியோரம் நின்று கேட்டுவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.