கஞ்சி போட்ட பாய்

நேற்று செவிலி என் முழங்காலில் பேண்டேஜ் துணியைச் சுற்றியபோது, அதன் வாசனை என்னை எண்பதுகளின் ராஜபாளையத்திற்கு அழைத்துச் சென்றது.

அப்போது ஓராண்டு மழையில் ஊர்க் கண்மாய் ஏரிபோல் நிறைந்திருந்தது. கடலையே கண்டிராத அம்மாவைப் பாய்மரப் படகில் மறுகரைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்த அப்பா, சிற்றறையுடன் ஒரு படகைத் தாமே செய்து, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கொணர்ந்தார். எங்கள் தறியில் நெய்த பேண்டேஜ் துணியே அதற்குப் பாய். காற்று அத்துணியின் கண்களில் புகுந்து வெளியேறியது, படகு அசையவில்லை.

“மச்சான், காத்துக்குக் காயமா? கட்டுப் போட்டிருக்கீய!” என்று கரையில் நின்ற மாமா சிரித்தார். அப்பா தலைகுனிந்தார்.

“ஏங்க, அதை அவுத்துக் குடுங்க. தறியில பாவு நூலுக்குப் போடுத கஞ்சி அம்புட்டும் சும்மாதான கெடக்கு,” என்றார் அம்மா.

மறுநாள், கெட்டிக் கஞ்சியில் தோய்ந்து அப்பளமாய்க் காய்ந்த பாய் காற்றை ஏந்தியது. சிற்றறையில் கட்டுச்சோற்றுடன் அமர்ந்து மறுகரை சேர்ந்தோம். அங்கே தூறல் பிடித்தது. கஞ்சி கரைந்து வழிந்தது. டிராக்டரில் சுற்றிவந்து எங்களை மீட்ட மாமா, “திரும்பி வரலையே மச்சான்!” என்றார்.

“கொண்டுபோறேன்னுதான்யா சொன்னேன்,” என்றார் அப்பா. நனைந்த முந்தானையால் வாயை மூடி அம்மா சிரித்தார்.

“ஐயா, கட்டுல தண்ணி படாமப் பாத்துக்கோங்க,” என்றார் கட்டி முடித்த செவிலி.

“எங்க குடும்பத்துல அது எல்லாருக்கும் தெரியும்மா,” என்றேன்.