டாஷ்போர்டில் ஒட்டிய மாதா

சந்தேகம் என் கூடப் பிறந்தது. "நற்கருணை அப்பம் வாங்கும்போதும் எக்ஸ்பயரி டேட் பார்ப்பா எங்கட அக்கா" என்று தம்பி சொல்லுவான். சொல்லட்டும். அவனுடைய மனைவிக்கு ஏழு மாதம். பிள்ளை வரப்போகிற நேரத்தில் அவன் ஆசைப்பட்டதோ ஒரு சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்.

"நாலு கதவு இருக்கெல்லே, குடும்பக் கார்தான் அக்கா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது.

நாங்கள் இருக்கிற தோர்ண்டன் ஹீத்தில், தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் காட்டினார்கள். விற்கிறவர் ஜேர்மனியில் இருந்து வந்து குடியேறியவர், எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். எனக்கு ஓடிவந்து கதவு திறந்துவிட்டார். அதிவினயம் தூர்த்த லட்சணம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு முன்னால் ஏறினேன். தம்பி ஓட்டினான். அவர் பின்னால், தன் சின்ன மகளுக்குப் பூட்டிய குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

பொய் சொல்லக்கூடாது, கார் நல்ல கார். இருக்கை முதுகைச் சூடாக்கி, பிடித்தும் விட்டது. பேர்லி வே பெருந்தெருவில் தம்பி ஸ்போர்ட் பொத்தானை அமத்த, எஞ்சின் உறுமி, என் தலை பின்னால் போய் இடித்தது. வளைவில் கார் சரியவேயில்லை. பிரேக் பிடித்தால் கல்லுப்போல நின்றது. தம்பியின் முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது.

என் கண் மாதாவில் நின்றது. வேகம் காட்டும் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு சின்ன மாதா ஸ்டிக்கர். எல்லாரும் மாதாவை டாஷ்போர்டின் நடுவில்தானே வைப்பார்கள்? இவர் ஏன் மூலையில் வைத்தார்?

திரும்பி வந்து நிறுத்தியதும் கேட்டுக்கொண்டே அதைத் தொடப் போனேன்.

"மாதாதான் எங்களைக் காப்பாத்துறா. எடுக்காதேங்கோ அக்கா" என்றார்.

"அக்கா, பாவம்" என்றான் தம்பியும். அவனுக்கு முன்னால் கார் பார்க்க வந்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். ஒருவரும் மாதாவில் கை வைத்திருக்க மாட்டார்கள்.

நான் சிலுவை போட்டுக்கொண்டு, நகத்தால் கிளப்பினேன். கீழே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்திருக்கும் ஆள், நெஞ்சுக்கு முன்னால் ஓர் உருண்டை. ஏர்பேக் வேலை செய்யவில்லை. தம்பி எஞ்சினை நிறுத்தினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கர்ப்பிணியை ஏத்தப்போற காரெண்டு தெரிஞ்சும் மறைச்சனீங்களோ?"

அவர் தடுமாறவில்லை. என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "ஒருக்கா இடிபட்டதுக்குப் பிறகு உது எரியுதுதான் அக்கா. அதுதான் மாதாவை ஒட்டினனான். என்ர பிள்ளையை ஒவ்வொரு நாளும் இதிலதான் பள்ளிக்கூடம் கொண்டுபோறன். ஒண்டும் நடக்கேல்லை."

அன்று முழுவதும் அவர் சொன்னதில் இதை மட்டும்தான் நான் அப்படியே நம்பினேன். கோபம் போய் பயம் வந்தது. பின் இருக்கையில் பிஸ்கட் தூள் கிடந்தது.

தம்பி காரில் இருந்து உருவிய திறப்பை நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு என் விரலில் இருந்த மாதாவை மெல்ல எடுத்து, முத்தமிட்டு, அதே மூலையில் திரும்ப ஒட்டினார்.