சாவி விளையாட்டில் நான் இல்லை

செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் துணிகளையும் அறைகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. பத்தாவது வரை படித்தவள். முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. அதனால் மொட்டை மாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டு, குரங்கு இழுத்துப் போகாமல் காவல் இருப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. கீழே வரவேற்பு மேசையில் இருப்பவள் அப்படியில்லை. என்னைவிடச் சின்னவள், படிப்பு எனக்குச் சமம்தான். ஆனால் எந்த நாட்டுக்காரர் வந்தாலும், தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டே சிரிக்க வைத்துவிடுவாள். அவள் தலையில் இருக்கும் முல்லையைத் தினமும் கட்டிக் கொடுப்பது நான். பூ அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வது அவளிடம்.

மேல்மாடி மூலை அறையில் ஒரு வெளிநாட்டுப் பெண் மாதக்கணக்கில் தங்கியிருந்தாள். அவளுடைய நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். அவளும் அவளுடைய சிநேகிதர்களும் சேர்ந்து போனில் ஆடும் விளையாட்டு ஒன்றைச் செய்திருந்தார்கள். படங்கள் அவள் வரைந்தவை. பொழுது போகாதபோது வரவேற்பு மேசைப் பக்கம் உட்கார்ந்து மேசையில் இருப்பவளிடம் தமிழ் கற்றுக்கொள்வாள். நான் துணிக் கூடையோடு கடந்து போவேன்.

விளையாட்டின் பெயர் அவர்கள் மொழியில் இருந்தது. எங்கள் வாயில் நுழையாததால் சாவி விளையாட்டு என்று வைத்துவிட்டோம். ஒரு பழைய அடுக்குமாடி வீடு. ஊருக்குப் போகிற அக்கம்பக்கத்தார் நம்மிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாம் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, பூனைக்குச் சோறு வைத்து, பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட வேண்டும். சிலர் திரும்பி வந்து சாவியை வாங்கிக்கொள்வார்கள். சிலர் வரவே மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று விளையாட்டில் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. அவள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியுமாம்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. யாரிடமும் பேச வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்றினால் போதும். அந்தப் பெண் பாண்டிச்சேரிப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் பால்கனியில் பெயின்ட் வாளியில் இருந்த செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றியதும் நான்தான். அதனால், விளையாட்டில் புதிதாக ஒரு தமிழ்ப் பக்கத்து வீட்டுக்காரியைச் சேர்க்கப்போவதாக அவள் சொன்னபோது, எனக்குள் ஓர் ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை.

புதியது வந்தது. இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலைநிறைய முல்லையோடு அவள் நிற்கிறாள், மேசைக்காரி. குரலும் அவளுடையதே. "வாங்க வாங்க, சாப்டீங்களா?"

"பாருக்கா, மூக்குத்திகூட என்னுதுதான்," என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாருக்கு," என்றேன். பூ என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு ஒரு தலையணை உறையைத் தேய்ப்புப்பெட்டியில் தீய்த்துவிட்டேன். பால்காரர், காய்காரர், கிரிவலம் வந்து தங்கியவர்கள் என்று ஒருவரையும் விடாமல் அவள் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் "சாப்டீங்களா" மாடி வரைக்கும் கேட்டது.

ஒருநாள் வாசல் ஆட்டோக்காரர் உள்ளே வந்து மேசைக்காரியிடம் கேட்டார். "இன்னாக்கா, நீ கேம்ல கீறன்னு சொன்ன? போன் பூரா தேடிட்டேன், ஒண்ணியும் காணோம்."

அப்போதுதான் அந்தப் பெண் படியிறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னதை மேசைக்காரி எங்களுக்கு விளக்கினாள். அவளுடைய நாட்டு அரசாங்கம், விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைக்கு, இதை எடுத்துவிடு என்று உத்தரவு போட்டதாம். கடை இருப்பது வேறொரு நாட்டில். ஆனாலும் எடுத்துவிட்டார்கள். அந்த நாட்டில் மட்டுமல்ல, எல்லா நாட்டிலும்.

"அவங்க கவர்மென்ட் சொன்னா அவங்க ஊர்ல எடுக்கட்டும்," என்றார் ஆட்டோக்காரர். "நம்ம போன்ல இன்னாத்துக்கு எடுக்கறாங்க?"

"அந்த ஊர்லயும் யாவாரம் ஓடணும் இல்ல?" என்றாள் மேசைக்காரி. "எதுத்துப் பேசினா கடையவே மூடச் சொல்லிடுவாங்களாம். ஒரு கேம் போனா போவுதுன்னு வுட்டுட்டாங்க."

ஏற்கெனவே இறக்கிவைத்த போன்களில் அது இருக்கும், புதிதாக யாரும் இறக்க முடியாது என்று சொன்னாள். மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் தோன்றியது, இனி புதிதாக யாரும் விளையாட்டில் மேசைக்காரியைப் பார்க்கப்போவதில்லை என்பதுதான். அப்புறம்தான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

மேசைக்காரி சும்மா இருப்பாளா? "நாம யாருன்னு அந்தக் கடைக்குக் காட்டறேன்," என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். எல்லோரும் போனில் அந்தக் கடையைத் திறந்து ஸ்டார் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் ஆட்டோக்காரர் பெருமையாக வந்து நின்றார்.

"குத்தியாச்சுக்கா. ஸ்டாண்டு மொத்தமும் அஞ்சு ஸ்டார்."

"அஞ்சா? அடப்பாவிங்களா! ஒண்ணு குத்தணும்யா!"

"நீ ஸ்டார் போடுன்னுதான சொன்ன? ஏர்ற சவாரிகிட்ட எல்லாம் அஞ்சு குடு சார், அஞ்சு குடு சார்னு கேட்டுக் கேட்டு, கை தானா அஞ்சுக்குப் போவுது."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் விடுதியிலும் காலி செய்கிற ஒவ்வொருவரிடமும் அவள் கேட்பது அந்த அஞ்சைத்தான். விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேசைக்காரியைக் கட்டிப்பிடித்தாள். காரியத்தைக் கெடுத்த பிறகும் அந்த அணைப்பு அவளுக்குத்தான். கெடுப்பதற்குக்கூட நான் ஒன்றும் செய்திருக்கவில்லை.

மறுநாள் மாடியில் விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, அந்தக் கடைக்கு நான் ஒரு புகார் எழுதினேன். நியாயத்துக்காக எழுதினேன் என்றால் பொய். அவள் செய்யாத ஒன்றை நான் செய்ய வேண்டும், அவ்வளவுதான். தமிழிலேயே எழுதினேன்.

'ஐயா, நீங்கள் எடுத்துவிட்ட விளையாட்டில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதை எடுக்கச் சொன்ன அரசாங்கத்துக்கு நான் ஓட்டுப் போடவில்லை. நான் ஓட்டுப் போடுகிற அரசாங்கம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிறகு நான் எதைப் பார்க்கலாம் என்று அவர்கள் எப்படி முடிவு செய்யலாம்? அந்த ஊர்க்காரர்கள் உங்களைக் கேட்க முடியாது. கேட்டால் அவர்கள் வீட்டுக்கு ஆள் வரும். எங்கள் வீட்டுக்கு வராது. அதனால் நாங்கள்தான் கேட்க வேண்டும். நாங்களும் பேசாமல் இருந்தால், அடுத்ததை எடுப்பது உங்களுக்குச் சுலபமாகிவிடும்.'

கீழே என் பெயர், தெரு, ஊர் எல்லாம் போட்டேன். எழுதி முடிக்கிற வரைக்கும் மேசைக்காரி நினைவு வரவில்லை. அனுப்பியவுடன் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் காட்டினேன். போனிலேயே மொழிபெயர்த்துப் படித்தவள், கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"அக்கா, இது உங்க பேரு? வீடு கூடவா?"

"ஆமா. மொட்டக் கடுதாசியா போடறது?"

"எங்க அம்மா இப்படி எழுத முடியாது," என்றாள். என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் கூடையோடு போகும்போது வரவேற்பு மேசையைப் பார்க்கிற பார்வை அது. என்னிடம் அப்படிப் பார்க்க ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கடையிலிருந்து பதில் வந்தது. எல்லா நாட்டுச் சட்டங்களையும் மதிக்கிறோம், உங்கள் கருத்துக்கு நன்றி.

"எனக்குச் சொல்லாம எழுதிட்ட இல்ல?" என்று மேசைக்காரி முகத்தைத் தூக்கிக்கொண்டாள். "எனக்கும் அதே மாதிரி எழுதிக் குடுக்கா."

"உன் பேர்ல போவறத நீதான் எழுதணும்," என்றேன். என்னுடையதைவிட நீளமாக எழுதினாள். ஆட்டோக்காரர்களையும் உட்காரவைத்து எழுதச் சொன்னாள். விளையாட்டு இன்னும் திரும்பவில்லை. நாங்கள் எழுதுவதையும் விடவில்லை.

இதற்கிடையே அந்தப் பெண்ணுக்கு விசா முடிந்தது. போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று அறையைக் காலி செய்யாமல் கிளம்பினாள். வெளியே போகிறவர்கள் சாவியை மேசையில் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். அவள் மாடியேறி வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அக்கா, செம்பருத்தி. ஊருக்குப் போனதும் மெசேஜ் போடறேன்."

அவள் போன பிறகு மேசைக்காரி கேட்டாள், "எங்கிட்ட குடுக்காம உங்கிட்ட ஏன்க்கா குடுத்தா?"

எத்தனையோ மாதமாக நான் காத்திருந்த கேள்வி. "தெரியல," என்றேன். அன்றைக்கு முழுக்கச் சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

மெசேஜ் வரவில்லை. முதலில் மேசைக்காரி மணிக்கொரு தரம் கேட்டாள். இப்போது நான் படியிறங்கும்போது என் முகத்தை மட்டும் பார்க்கிறாள். செம்பருத்தியின் முதல் பூவைக் குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது. பொழுது சாய்ந்ததும் போய் அறை விளக்கைப் போடுகிறேன். யாரும் போடச் சொல்லவில்லை.

நேற்று மேசைக்காரியும் என் பின்னால் மாடியேறி வந்தாள். நான் கதவைத் திறந்ததும், "நான் போடறேன்க்கா," என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. விளக்கை நானே போட்டேன். வாளிக்கு அவள் தண்ணீர் ஊற்றினாள்.