கையைத் தூக்கினால் நின்றுபோகும் மூச்சு

எனக்கு எழுத்து சரியாக வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. அதற்கப்புறம் பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலும் இதில் மாறி வந்திருக்கலாம். மறதி அதிகமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப்போல் மூச்சு வாங்குகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வெட்கம்.

முதலில் இருமல்தான். விடியற்காலையில் சளியோடு வரும். பிறகு, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நடுவழியில் நின்றால் யாராவது என்ன என்று கேட்பார்களே. செருப்பில் கல் மாட்டிக்கொண்ட மாதிரி குனிந்து நிற்பேன். குனிந்தால் இன்னும் வாங்கும்.

கடையில் இருமினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் முந்தானையால் மூக்கை மூடுவார்கள். டிபி என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, என் தட்டையும் டம்ளரையும் யாருக்கும் சொல்லாமல் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

கடைசியில் மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வராந்தாவில் நிறைய ஆட்கள். டாக்டர் அறைக் கதவு திறந்தே இருந்தது. அவர் எடுத்த எடுப்பிலேயே, "பீடி, சிகரெட் ஏதாவது பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மகன் தரையைப் பார்த்தான்.

"அதெல்லாம் இல்ல சார். பட்டுக்குச் சாயம் போட்டுக்கினு இருந்தாங்க" என்றான் மகன்.

அதற்கப்புறம் டாக்டர் நிதானமாகக் கேட்டார். சாயப்பட்டறையில் விறகு எரித்தோமா, புகை போக வழி இருந்ததா, வீட்டிலும் விறகு அடுப்புதானா என்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஸ்பைரோமெட்ரி எடுத்தார்கள் (குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரலில் இருந்து காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்ப்பது). சி.ஓ.பி.டி. என்றார் (மூச்சுக்குழாய்கள் சுருங்கி, பழையபடி விரியாமல் போகும் நாள்பட்ட நோய்). டிபி இல்லை, யாருக்கும் ஒட்டாது. பீடிப் புகையால்தான் வரும் என்றில்லை, விறகுப் புகையே போதும். முழுசாகக் குணமாகாது, அடக்கி வைக்கலாம் என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார் (வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து).

குணமாகாது என்று அவர் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பீடி என்று கேட்டதுதான் வீடு வந்து சேரும் வரைக்கும் காதில் இருந்தது.

மருந்து எடுத்தும் என் கையை விட்டுப் போன முதல் காரியம் குளியல். சொம்பைத் தலைக்கு மேல் தூக்கினால் மூச்சு அடைத்துவிடும். ஒருநாள் குளியலறையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து என் மருமகள் கோமதிதான் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

இதை எழுதக் கை கூசுகிறது. பெற்ற பெண்ணாக இருந்தாலாவது பரவாயில்லை. இன்னொரு வீட்டில் பிறந்து என் வீட்டுக்கு வாழ வந்தவள். அவள் முன்னால் துணியில்லாமல் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். நான் பார்க்காவிட்டால் அவளும் பார்க்கவில்லை என்று ஒரு நினைப்பு. அவளும் பாவம், சுவரைப் பார்த்தபடி காய்கறி விலை பேசிக்கொண்டே சோப்புப் போடுவாள். சாகிறதுக்குள் ஒரு தடவையாவது நானே குளிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் நான் பெருமாளிடம் கேட்கவில்லை.

அடுத்த தடவை போனபோது ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி (உடற்பயிற்சியால் செய்யும் சிகிச்சை) பார்க்கும் பெண் ஒருத்தி, வீட்டிலேயே செய்ய ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். சீனாவில் பழங்காலத்தில் இருந்து செய்கிறார்களாம். எட்டு அசைவு. வானத்தைத் தாங்குகிற மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்குவது, வில் இழுப்பது, இப்படி. அதன் பேருக்கு எட்டுத் துண்டுப் பட்டு என்று அர்த்தமாம். காஞ்சிபுரத்துக்காரியிடமே பட்டா என்று கோமதி சிரித்தாள். மெதுவாகச் செய்யணும், காற்றோட்டமான இடத்தில் செய்யணும், மூச்சும் கையும் சேர்ந்தே போகணும் என்று அந்தப் பெண் சொல்லி, கோமதியின் போனில் வீடியோவும் அனுப்பினாள்.

எங்கள் வீட்டில் முன்கூடம் முழுக்கத் தறி. மகன் அதில் உட்கார்ந்திருப்பான். தெருக்கதவு திறந்தே இருக்கும். அங்கே நான் காலை அகட்டிக்கொண்டு, கையைத் தூக்கி, ரவிக்கைக் கக்கம் தெரிய நிற்பதா? பின்னால் நூல் வைக்கிற சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். ஜன்னல் கிடையாது.

அந்தப் பெண் வீடியோ காலில் கூப்பிட்டு, செய்து காட்டச் சொல்லுவாள். நான் போனைக் கிட்டே வைத்து முகத்தை மட்டும் காட்டுவேன். "முகத்துக்கு ஒண்ணும் பயிற்சி இல்லம்மா, கையைக் காட்டுங்க" என்பாள். நல்லாத்தான் செய்யறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

நல்லா இல்லை. கையைத் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குச் செய்யத் தெரியவில்லை, படிக்காதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் அந்த அறையில் நூல் மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டேன். சத்தம் கேட்டுக் கோமதி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உதடு நீலமாக இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள்.

திரும்பி வந்து உடம்பு தேறி, டாக்டர் மறுபடி செய்யலாம் என்று சொன்ன பிறகு, கோமதி என்னைப் பின்வாசலுக்குக் கூட்டிப் போனாள். "என் முன்னால செய்ங்க அத்தே. நான் பாக்காததா இனிமே?" என்றாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் உண்மைதானே. கையைத் தூக்கினேன். அவள் என் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"கை மேல போச்சு, சரி. மூச்சு எங்க அத்தே?"

எனக்குப் புரியவில்லை.

"தொட்டிகிட்ட நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க. இங்க ஒண்ணும் கொதிக்கல. மூச்சை விடுங்க."

அப்போதுதான் தெரிந்தது. பட்டறைத் தொட்டியில் கொதிக்கிற சாயத் தண்ணீரில் பட்டுச் சிட்டத்தை (நூல் கட்டு) கழியில் மாட்டி முக்குவோம். கழியை மேலே தூக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும். அதனால் கை மேலே போனாலே மூச்சைப் பிடித்துக்கொள்வோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, உடம்பு தானாகவே கற்றுக்கொண்டது. கோமதி கல்யாணமான புதிதில் பட்டறைக்குச் சோறு கொண்டு வந்தபோது என்னை அப்படிப் பார்த்திருக்கிறாள். பட்டறையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் என் கைக்கு அது தெரியவில்லை. எட்டு அசைவையும் நான் மூச்சில்லாமலேயே செய்திருக்கிறேன். வெட்கப்படாமல் போனில் கையையும் காட்டியிருந்தால் அந்தப் பெண் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள்.

அதற்கப்புறம் தினமும் பின்வாசலில், கோமதியும் கூட நின்றாள். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வானத்தைத் தாங்கிக்கினு இருக்கியா?" என்றாள். நான் உள்ளே ஓடப் பார்த்தேன். கோமதி என் முழங்கையை விடவில்லை. "ஆமா, உன் மாடி மேல விழாம இருக்கத்தான்" என்றாள் அவளிடம்.

தூக்கும்போது மூக்கால் இழுத்து, இறக்கும்போது உதட்டைக் குவித்து ஊதி விட வேண்டும். இதைக் கைக்குப் புரியவைக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. இன்ஹேலரையும் விடவில்லை, நீங்களும் விட்டுவிடாதீர்கள். இன்றைக்கும் கடைக்குப் போனால் நடுவில் நிற்கிறேன். கல் மாட்டின மாதிரி நடிப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்போது நானே குளிக்கிறேன். கதவைத் தாழ் போடக் கூடாது என்று கோமதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், ஒருக்களித்து வைக்கிறேன். நான் ஊதி விடுகிற சத்தம் வெளியில் கேட்க வேண்டுமாம். கேட்கிறது, தறி வரைக்கும் கேட்கிறது. நான் சொம்பைத் தூக்கினால் மகன் தறியை நிறுத்துகிறான். தண்ணீர் விழுந்த பிறகுதான் மறுபடி தறிச் சத்தம். கூச்சமாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் பட்டறையில் பட்டு உலர்வதை வைத்துத்தான் எனக்குப் பொழுது தெரியும். இப்போது என் பொழுதெல்லாம் ஒரு சொம்புக்கும் அடுத்த சொம்புக்கும் நடுவில்தான் இருக்கிறது. அங்கே அவசரமே இல்லை. கண்ணை மட்டும் இப்போது மூடுவதில்லை.

பயிற்சியின் பேருக்கு அர்த்தம் நான் சொன்னதுதானா, தூக்கும்போது இழுத்து இறக்கும்போது விடுவது எல்லோருக்கும் சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்துத் திருத்துங்கள். என்னை நம்பி யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.