ஆயுத பூசைக்கு மறுநாள் காணாமல் போன எடைகள்

என் அத்தை மகளைப் பார்த்தாலே அப்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்? ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தோம். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எதிரெதிரே உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்தோம், இரண்டு பேருமே ஒப்பந்தத்தில். ஒருத்தியை மட்டும் நிரந்தரமாக்கப் போவதாகத் தோட்ட மேனேஜரான துரை சொல்லியிருந்தார். எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள் அவள். ஆனால் துரை வாயைத் திறந்தால் அவள் பேர்தான் வரும்.

ஆயுத பூசைக்கு ஃபேக்டரி மிசின்களோடு ஆபீஸ் கம்ப்யூட்டரையும் நிறுத்தி, வயரையெல்லாம் கழற்றித் துடைத்து, சந்தனப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். மறுநாள் காலை கொழுந்து எடையைப் பதியும் சிஸ்டம் கிளம்பவில்லை. அந்த மென்பொருள் கண்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓடுவது. எடைகள் மட்டும் வெளியே ஒரு டிஸ்க்கில் இருக்கும். டிஸ்க்கை அதனோடு இணைப்பதைத்தான் மவுண்ட் என்போம். அங்கேதான் எர்ரர். எழுத அனுமதி இல்லையாம்.

அவள் இன்னும் வரவில்லை, பிரிஞ்சாங் டவுன் ரோட்டில் லோரி ஜாம். அவள் தலை தெரிவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று எனக்கு வெறி. டிஸ்க் வந்து இணையும் ஃபோல்டருக்கு எல்லா அனுமதியும் கொடுத்தேன். எர்ரர் போயே போச்சு!

"சரியாயிடுச்சு துரை!"

அவர் திரையைப் பார்த்தார். "எடையெல்லாம் எங்கம்மா?"

ஒன்றுகூட இல்லை. ஐயோ, பக்கம் பக்கமாகத் தேடினேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா அவள் வர வேண்டும்! துரை வெளியே போனதும் மேசைக்கடியில் குனிந்து டிஸ்க்கைப் பார்த்தாள், இரண்டு கட்டளை அடித்தாள். "கம்ப்யூட்டர ஆன் பண்ணதுக்கு அப்புறம் யாரோ டிஸ்க்க சொருகியிருக்காங்கக்கா. அது மவுண்ட் ஆகவே இல்ல லா. கண்டெய்னர் வெறும் ஃபோல்டரத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

டிஸ்க்கை மவுண்ட் செய்து, கண்டெய்னரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினாள். எடைகள் அத்தனையும் வந்துவிட்டன.

"யாரு சரி பண்ணது?" என்று வந்து கேட்டார் துரை.

"அக்காதான்."

விட்டுக்கொடுக்கிறாளாம், பெரிய மனுஷி! நன்றி எங்கே வந்தது, ஆத்திரந்தான் வந்தது.

தீபாவளிக்கு முன்னால் என்னை நிரந்தரமாக்கினார்கள். ஓடிப்போய் அவளிடம்தான் முதலில் சொன்னேன், முகம் வாடுகிறதா பார்க்கத்தான்.

"ரொம்ப சந்தோசங்க்கா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குச் சிங்கப்பூர்ல வேல கெடச்சு ரொம்ப நாளாச்சு. நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல."