விலை பேச ஏற்றிய விளக்கு

ஸ்ரீவராகத்தில் நாங்கள் விலை கேட்கப் போன வீட்டில் பட்டப்பகலிலும் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடத்தின் நட்டநடுவில், உள்ளே நுழைபவர் எவராயினும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்ற கணக்கில் அதை வைத்திருந்தார்கள். முதல் நாள் அதைப் பக்தி என்று எண்ணினேன். அந்த வீட்டுக்காரரைப் பற்றி நான் கொண்ட ஒரே நல்லெண்ணம் அதுதான். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை.

எங்களுக்கு வீடு தேவைப்பட்ட காரணம் எளியது. தம்பானூருக்குப் பின்புறம் ஒரு மாடிப் பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் மனைவி வீணை கற்பிப்பவள். கீழே குடியிருந்த உரிமையாளர் தம்மை இசைப் பிரியர் என்று சொல்லிக்கொள்வார். வானொலியில் வரும் இசைக்கு மட்டும் அவர் பிரியர். பிள்ளைகள் தப்பும் தவறுமாகச் சரளி வரிசை வாசிப்பது அவருடைய பிற்பகல் உறக்கத்துக்கு ஒவ்வவில்லை. முதலில் ஞாயிற்றுக்கிழமை கூடாது என்றார். பிறகு மாலையில் கூடாது என்றார். கடைசியில், மாணவிகள் மாடிப்படியில் செருப்பைக் கழற்றி வைப்பதால் வீட்டின் லட்சணம் கெடுகிறது என்று கண்டுபிடித்து, வகுப்பையே நிறுத்தச் சொன்னார். விசயதசமிக்குப் புதிய பிள்ளைகள் சேர வருவார்கள். அதற்குள், எவருடைய அனுமதியும் கேளாமல் பாய் விரித்து வீணையை வைக்க ஓர் இடம் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவே.

தரகரைத் தேடி நாங்கள் போகவில்லை. அந்நகரில் தரகர்கள் மழை ஓய்ந்த மாலையில் ஈசல் வருவதுபோல் தாமே வந்து சேர்வார்கள். எங்களுக்கு வாய்த்தவர் நெற்றியில் சந்தனமும் கக்கத்தில் தோல்பையுமாக வந்தார். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேச வல்லவர். மூன்றிலும் உண்மை சொல்லப் பழகாதவர்.

“சாரே, இது வெறும் வீடில்லையாக்கும், ஹெரிட்டேஜ். கொஞ்சம் மெயின்டனன்ஸ் உண்டு, அவ்வளவுதான். ஒரு வெள்ளையடிச்சா மதி, போதும்” என்றார்.

வெள்ளையடிப்பதற்கு முதலில் சுவர் நேராக நிற்க வேண்டும் என்பது அவருடைய கல்வியில் விடுபட்ட பாடம் போலும்.

வீட்டுக்குரியவர் வடக்கே ஏதோ பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பதவி போய்ப் பல காலம் ஆகியும் அதன் குரல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. சென்னையில் மகனோடு வசித்தார். கோடையில் மட்டும் வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, வாங்க வருபவர்களுக்குக் காட்சி தந்துவிட்டுத் திரும்புவார். மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

“வாங்கோ, வாங்கோ. வெளக்கு எரியறது, பார்த்து வாங்கோ. நல்ல வார்த்தையாச் சொல்லிண்டே வீட்டைச் சுத்திப் பாருங்கோ” என்று எங்களை வரவேற்றார்.

இதிலுள்ள சூழ்ச்சியை விளங்கிக்கொள்ள எங்கள் வீடுகளின் வழக்கத்தை அறிந்திருக்க வேண்டும். ஏற்றிய விளக்கின் முன்னே அமங்கலச் சொல் வாயில் வரக் கூடாது. இடியும், ஒழுகும், விழும் என்பவை மட்டுமல்ல. ‘இல்லை’ என்பதுகூட விலக்கப்பட்ட சொல். அரிசி தீர்ந்துபோனால் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்லப் பழக்கியிருந்தார்கள். அப்படி வளர்ந்த இருவரை விளக்கின் முன் நிறுத்திவிட்டு வீட்டைப் பற்றிக் கருத்துக் கேட்டால் என்ன கிடைக்கும்?

கிடைத்ததைச் சொல்கிறேன். பின்னறையின் ஓடுகளுக்கிடையே வானம் தெரிந்தது. “நல்ல வெளிச்சம்” என்றேன். சமையலறைத் தரை ஒரு மூலையில் கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. “ஜலம் ஓடிப்போக வாகா இருக்கு” என்றாள் மனைவி. கொல்லைச் சுவர் அடுத்த வீட்டு முருங்கையின்மேல் சாய்ந்து நின்றது. அதற்கு இருவருக்குமே சொல் அகப்படவில்லை. முருங்கையைப் புகழ்ந்தோம். கூரையைத் தாங்கும் கைமரங்களில் கறையான் கட்டிய மண்கோடுகள் ஏறியிருந்தன. அவற்றைக் காணாதவர்கள்போல் நடந்தோம். கூடத்தின் கூரை ஒன்றுதான் கீழிருந்து பார்க்கக் குறையற்றதாகத் தெரிந்தது. அதன் அடியில்தான் விளக்கு வீற்றிருந்தது.

“பாத்தீரா? நான் ஒண்ணும் சொல்லலை. அவாளே சொல்றா” என்று தரகரிடம் பெருமையோடு சொன்னார் பெரியவர். பிறகு தம் விலையைச் சொன்னார். பழுதே இல்லாத வீட்டுக்குரிய விலை அது. அதைக் கொடுத்தால் எங்களிடம் ஓடு மாற்றக்கூட மிச்சமிராது. ஒழுகும் கூரையின்கீழ் வீணை வைக்க முடியாது. ஈரம் பட்ட வீணையைப் பிறகு அடுப்பில்தான் வைக்க வேண்டும். ஆகவே, கூரைக்கும் சுவருக்கும் ஆகும் செலவைக் கழித்து எங்களால் இயன்ற விலையைத் தரகர் வழியே மறுநாள் சொல்லியனுப்பினோம்.

தரகர் இழவு வீட்டுக்குப் போய்வந்தவரின் முகத்தோடு திரும்பினார்.

“அவருக்கு ரொம்ப விஷமமாப் போச்சு சாரே, மனசு நொந்துட்டார். வீட்டுக்குள்ளே நின்னு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, வெளியே போய் விலையைக் குறைச்சா என்ன அர்த்தம்னு கேக்கறார். வெளக்கு சாட்சியாக்கும்னு பறஞ்சார்.”

“அந்த வெளக்குக்கு வாயிருந்தா, என்னை ஏன் பட்டப்பகல்லே ஏத்தினேள்னு முதல்லே அவரைத்தான் கேட்டிருக்கும்” என்றாள் மனைவி.

தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் ஒன்று சொன்னார். எங்களுக்கு முன்பு வந்தவர்களும் இப்படியே வீட்டைப் புகழ்ந்துவிட்டு, வீதியைத் தாண்டியதும் காணாமற்போனார்களாம். ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லையாம். அதைக் கேட்டபின் பெரியவர்மேல் எனக்கிருந்த கோபம் ஏளனமாக மாறியது. பிறர் வாயை அடைக்க விளக்கேற்றியவர், அடைத்த வாய்களிலிருந்து வந்த உபசாரத்தைத் தாமே நம்பிவிட்டார். கோடைதோறும் வீடு விலைபோகவில்லை; கோடைதோறும் அவர் விலையை ஏற்றிக்கொண்டே இருந்தார். தம் ஏமாற்றில் தாமே முதலாவதாக ஏமாந்து நிற்கும் இந்தத் திறமைக்குப் பெரிய பதவிகளில் நெடுங்காலப் பயிற்சி வேண்டும்.

நேரில் உட்கார்ந்து பேசினால் ஏதேனும் நடக்கும் என்று தரகர் மறுபடி எங்களை அழைத்துப் போனார். பேரம் முடியாததால் பெரியவர் அவ்வாண்டு கோடை கழிந்தும் ஊர் திரும்பாமல் இருந்தார். இடவப்பாதி என்னும் பருவமழை தொடங்கிவிட்டிருந்தது. நாங்கள் வாசலில் குடையை மடக்கும்போதே உள்ளே தீப்பெட்டி உரசும் ஓசை கேட்டது. விளக்கு அதே இடத்தில், ஒற்றைத் திரி. மங்கலத்திலும் அவர் சிக்கனம் பார்ப்பவர்.

நால்வரும் அதைச் சுற்றி அமர்ந்தோம். அவர் தொடங்கினார். அந்த விளக்கு ஐந்து தலைமுறை கண்டதாம். இப்படிப்பட்ட தேக்கு இனி எந்தக் காட்டிலும் கிடையாதாம். பக்கத்து வீதியில் யாரோ இதைவிடச் சிறிய வீட்டை இதைவிடப் பெரிய விலைக்கு வாங்கிப் பரம சௌக்கியமாக இருக்கிறாராம். கூரையின்மேல் மழை வலுத்தது. அவரும் அதற்கேற்பக் குரலை உயர்த்தினார்.

அப்போது தரையில் ஒரு சொட்டு விழுந்தது. நான் பார்த்தேன். மனைவி பார்த்தாள். பெரியவரும் பார்த்தார், பேச்சை நிறுத்தாமலேயே வலக்காலை நீட்டிப் பெருவிரலால் அதை மறைத்தார். அடுத்த சொட்டு அந்த விரலின்மேலேயே விழுந்தது. விரலை இழுத்துக்கொண்டார். பின்னும் ஒன்று விளக்கின் தலையில் பட்டுச் சிதறியது. நால்வரில் ஒருவரும் அந்த ஒழுக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை, விளக்குத்தான் எரிந்துகொண்டிருக்கிறதே. மழை சற்றே திசை மாறியிருக்க வேண்டும். அடுத்த சொட்டு நேரே சுடரில் இறங்கியது. ‘சுர்’ என்றது; புகை எழுந்தது; கூடம் இருண்டது.

பெரியவர் தீப்பெட்டியை எடுத்தார்.

“இருங்கோ மாமா” என்றாள் மனைவி. “ஜலம் விழுந்த எண்ணெயிலே அப்படியே ஏத்தப்படாது. வெளக்கைத் தேய்ச்சு, தொடச்சு, புது எண்ணெ விட்டுன்னா ஏத்தணும்? அஞ்சு தலைமுறை வெளக்கு.”

அவருடைய சாத்திரத்தைத்தான் அவள் அவருக்கே எடுத்து நீட்டியிருந்தாள். விளக்கைத் தேய்த்து வரும் பணி தரகருக்கு விழுந்தது. “ஞானோ? நானா?” என்று கேட்டவர், பெரியவர், என் மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் என் மனைவி பேசத் தொடங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

“பின் ரூம்லே ஓடு பாதி இல்லை. கொல்லைச் சுவர் விழறதுக்கு முருங்கைகிட்டே உத்தரவு கேட்டுண்டு நிக்கறது. அடுக்களையிலே தரை இறங்கிப் போச்சு. கைமரத்தையெல்லாம் கறையான் தின்னாச்சு. இந்தக் கூடம் ஒண்ணாவது உருப்படியா இருக்குன்னு நெனச்சேன் மாமா. அதுவும் இப்போ ஒழுகறது.”

அத்தனை விலக்கப்பட்ட சொற்களையும் ஒருசேரக் கேட்டுப் பெரியவர் நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டார். “நீ என்ன, பாட்டு வாத்தியாரா, இன்ஜினீயரா?”

“வீணை சொல்லித் தரேன். தப்பா வாசிச்சா அந்த எடத்திலேயே நிறுத்திச் சொல்றதுதான் என் ஜோலி. அன்னிக்கு இங்கே சும்மா நடந்ததுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது.”

“அன்னிக்கு எல்லாம் நன்னாருக்குன்னு சொன்னேளே?”

“அன்னிக்கு வெளக்கு எரிஞ்சிண்டிருந்தது.”

சொட்டு இப்போது பெரியவரின் தோளுக்கு வந்தது. நாற்காலியை நகர்த்தினார். அங்கும் ஒன்று காத்திருந்தது. கடைசியில் எழுந்து நின்று தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அந்த வீட்டின் கூரையை அவர் உண்மையிலேயே பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். வெகுநேரம் பார்த்தார். தம் வீட்டில் இப்படி ஒன்று இருந்ததைத் தம்மிடம் இதுவரை ஒருவரும் சொல்லவில்லையே என்ற மனத்தாங்கல் அந்த முகத்தில் தெரிந்தது. அதற்காக இரங்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

“நீங்க சொன்ன விலைக்குமேலே கொஞ்சம் கூட்டித் தரப்படாதா?” என்றார். பதவியின் குரல் அதில் இல்லை.

“அந்தக் கொஞ்சம் கூரைக்கு வேணும் மாமா.”

“சரி. ஆனா இந்த விஷயமெல்லாம் தெருவிலே பேச வேண்டாம்.”

“வெளக்கை ஏத்திடுங்கோ. இனிமே நல்ல வார்த்தைதானே” என்றாள் அவள்.

தரகர் தேய்த்துப் பளபளப்பாக்கிய விளக்கோடு வந்து, பழைய இடத்திலேயே அதை வைக்கக் குனிந்தார். வேண்டாம் என்று மூவரும் ஒரே குரலில் தடுத்தோம். அந்தக் கூடத்தில் நாங்கள் ஒருமனப்பட்டது அந்த ஒரு செய்தியில்தான்.

சொன்ன விலைக்கே வீடு எங்களுக்குக் கிடைத்தது. பத்திரம் முடிந்த அன்று பெரியவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, தரகர் என்னை ஓரமாக அழைத்தார்.

“சாரே, அந்த வெளக்கை எனக்குத் தருவாரா, கேட்டுப் பாக்கட்டுமா? பேட்டையிலே ஒரு பழைய வீடு கையிலே உண்டு. பார்ட்டி வந்தா வாயைத் தொறந்ததும் குறைதான் பறையுது.”

நடந்த அத்தனையையும் கண்ணால் கண்டவர் அதிலிருந்து கற்றுக்கொண்டது இது. அதைவிட வியப்பு, பெரியவர் ஒரு கணமும் தயங்காததுதான். ஐந்து தலைமுறை கண்ட விளக்கைத் தரகுக் கூலியில் கழித்துக்கொண்டு, பழைய நாளேட்டில் தம் கையாலேயே சுற்றிக் கொடுத்தார்.

“வைக்கற எடத்தை முதல்லே ஒரு தடவை அண்ணாந்து பாத்துக்கோங்கோ” என்றாள் மனைவி. வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று எண்ணித் தரகர் சிரித்தார்.

விசயதசமிக்குள் கூடத்து ஓடுகளை மட்டும் மாற்ற முடிந்தது. கொல்லைச் சுவர் முருங்கையின் தயவில் மேலும் ஓராண்டு நின்றது. கடைவீதியில் ஒரு சிறிய விளக்கு வாங்கிப் பூசை அறையில் வைத்தோம். பெரிய விளக்கு இருந்த இடத்தில் பாய் விரித்து, புதிதாக வந்த பிள்ளைகள் சரளி வரிசையைத் தப்பும் தவறுமாக வாசித்தார்கள். நான் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் தரகரை ஒருமுறை பார்த்தேன். ஆட்டோவில் மடிமீது குத்துவிளக்கை நிறுத்திப் பிடித்துக்கொண்டு பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வானம் கறுத்திருந்தது.