பார்க்கு ரேடியோவில் நடந்த பள்ளிக்கூடம்

நான் பெரியவளானதும் அப்பா என் படிப்பை நிறுத்திவிட்டார். எட்டாம் வகுப்பில் பாதி ஆண்டுதான் ஓடியிருந்தது. சங்கு குளிக்கிறவன் வீட்டில் பெண்ணுக்கு என்ன படிப்பு என்று கரையில் நாலு பேர் கேட்டார்களாம். அந்த நாலு பேர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஒரு பிடி பிடித்திருப்பேன்.

அப்போதுதான் தூத்துக்குடி பார்க்கில் ஊர்ச் சனத்துக்காக வைத்திருந்த ரேடியோவில் வாரம் ஒருநாள், விளக்கு வைக்கிற நேரத்தில், தொடர் நாடகம் ஒன்று வர ஆரம்பித்தது. கதை முழுக்க ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. விடியுமுன் தோணி ஏறுகிற ஆண்கள் அந்நேரம் படுத்துவிடுவார்கள். எங்கள் தெருப் பெண்கள் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம்.

முதல் வாரம், கம்பத்து உச்சியில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து மணி அடித்தது. மாதாவே! பள்ளிக்கூட மணியேதான். பெஞ்சுகள் நகர்ந்தன. டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டதும் மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றோம். நானும்தான் நின்றேன். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஆளைக் காணோம், கட்டடத்தைக் காணோம், ஆனால் வகுப்பு நடக்கிறது. உனக்கு இங்கே என்ன வேலை என்று என்னை யாரும் கேட்கவில்லை.

நாடகத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை. அவள் படிப்பை நிறுத்தத் துடிக்கும் ஒரு தகப்பன். ஒவ்வொரு வாரமும் மறுநாள் மத்தியானம், கடலிலிருந்து வந்து சோற்றுக்கு உட்காரும் அப்பாவுக்கு அம்மா கதை சொல்லுவாள். "பாவம்ளா அந்தப் பிள்ளை" என்று அப்பா உருகுவார். பக்கத்தில் குழம்புச் சட்டியோடு ஒருத்தி நிற்கிறேனே! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் பாகத்தின் கடைசி வாரத்தில் அந்தத் தகப்பன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துப்போய்க் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டான். அடுத்த பாகம் பிறகு வரும் என்று அறிவித்தார்கள். "நாசமாப் போவான்" என்று பக்கத்து வீட்டு அத்தை மண்ணை வாரித் தூற்றினாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். இந்த முடிவைக் கேட்டால் அப்பாவுக்குத் தான் செய்தது சரிதான் என்று ஆகிவிடும், என் படிப்பு அவ்வளவுதான். அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள், "அந்தப் பிள்ளை என்னளா ஆச்சு?" என்றார் அப்பா.

"தகப்பனே கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல விட்டுட்டாரு. பெரிய டீச்சரு எந்திரிச்சி நின்னு கும்பிட்டாவ, கேட்டியளா" என்றாள் அம்மா, மீன் துண்டை எடுத்து வைத்தபடி.

எனக்குப் பயமாகிவிட்டது. வாராவாரம் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, செய்த பாவத்தையெல்லாம் சொல்கிற அம்மா இப்படிப் பொய் சொல்கிறாளே! அதைவிடப் பெரிய பயம், அப்பாவின் தோணிக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் தெரு. அவர்கள் பெண்டாட்டிமார் எல்லோரும் பார்க்கில் இருந்தவர்கள். ஒருத்தி தன் புருஷனிடம் உள்ளதைச் சொல்லியிருந்தாலும் அம்மா தொலைந்தாள்.

அடுத்த நாள் அப்பா வந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

"தோணியில இன்னைக்கு அந்தப் பேச்சுதான். தகப்பன் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனான்னு ஒருத்தன் சொல்லுதான். பெரிய டீச்சரு எந்திரிச்சி நின்னாவன்னு இன்னொருத்தன் சொல்லுதான். சொல்லிட்டு எல்லாப் பயலும் என்னையே பாக்கானுவ."

முந்தின நாள் விடிந்ததும் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன அம்மா வெகுநேரம் கழித்து வந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு தெருவே சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறது, எனக்காக. நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நாளைக்கு நான் கடலுக்குப் போவல. பிள்ளைய நானே கொண்டுபோயி பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வாரேன்."

"அதுக்கென்ன, ஒங்க இஷ்டம்" என்று சொல்லி, அம்மா அவருக்கு இன்னொரு அகப்பைச் சோறு வைத்தாள்.